'நான்' என்பதை 'நீ' என்று மாற்றினால் முன்னிலைக் கதை ஆகிவிடுமா?

கேள்வி இதுதான்: தன்மையிலும் படர்க்கையிலும் கதை எழுத வருகிறது, முன்னிலையில் எழுத 'நான்' வரும் இடத்திலெல்லாம் 'நீ' போட்டால் போதுமா? போதாது. நான் அப்படிப் போட்டுப் பார்த்து அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

எனக்குக் களியக்காவிளைப் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வேலை தேடிப் போகிற ஒருத்தன், பஸ் பாறசாலை தாண்டிய பிறகுதான் பையில் காசு குறைவதைப் பார்க்கிறான், அவ்வளவுதான் என் கதை. "நீ ஜன்னலோரம் உட்கார்ந்தாய். நீ பையைத் தடவினாய். கண்டக்டரைப் பார்த்ததும் நீ தலையைக் குனிந்தாய்" என்று மூன்று பக்கம் எழுதி, மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பக்கம் வரை பொறுத்தாள். அப்புறம், "யார மக்ளே இப்பிடி ஏசுத?" என்றாள்.

அத்தை கேட்டது சரி. பக்கத்து மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, மூன்றுக்கும் வினை ஒன்றே, ஆளைச் சொல்லியாக வேண்டும். தமிழில் 'வந்தாய்' என்றாலே ஆள் விகுதியில் உட்கார்ந்திருக்கிறான். அதற்கு மேல் ஒரு நீயும் சேர்ந்து, அதுவும் இறந்தகாலத்தில், வரிக்கு வரி ஆய் ஆய் என்று முடிந்தால் பஞ்சாயத்தில் குற்றம் படிக்கிற மாதிரிதான் கேட்கும். சரி, மரியாதையாக எழுதுவோம் என்று "பையைத் தடவினீர்கள்" என மாற்றினேன், ஆபீஸில் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம் ஆகிவிட்டது. கடைசியில் நிகழ்காலத்துக்குப் போய், முடிந்தவரை ஆளையே எடுத்துவிட்டேன்: "ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது. கை பைக்குள் போகிறது. பத்து ரூபாய் குறைகிறது. கண்டக்டர் இரண்டு சீட் முன்னால் நிற்கிறார். நீ வெளியே பார்க்கிறாய்." ஒரே ஒரு நீ. இதை வாசித்தபோது அத்தை, "பொறவு அந்தப் பத்து ரூவாய யாராவது குடுத்தாவளா?" என்று கேட்டாள்.

வீட்டிலும் நாம் செய்வது இதைத்தான். தங்கை வீட்டுக்காரர் நம்மைவிட வயதில் சின்னவர் என்றால் நீ என்பதா நீங்கள் என்பதா? "சாப்பிட்டாச்சா?", "எப்ப வந்தது?" என்று ஆளைத் தொடாமலே நழுவிவிடுவோம். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ', அங்கே எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. நமக்கு முதல் வினைச்சொல்லிலேயே உறவு தெரிந்துவிடும், நீயா, நீங்களா, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் வருகிற நீரா என்று. அதனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

காதலிக்கு எழுதுகிற கடிதம் போல இருந்தால் அதற்குள் ஒரு 'நான்' ஒளிந்திருக்கிறது, அது உண்மையில் தன்மைக் கதைதான். தன் மனசோடு தானே பேசுவது வேறு. குறளில் 125ஆம் அதிகாரமே 'நெஞ்சொடு கிளத்தல்', அங்கே 'நீ' என்பது காதலனைப் பிரிந்திருக்கிற தலைவியின் நெஞ்சு. என் பஸ் கதையும் இந்த வகைதான். எனக்கு ரொம்பப் பிடித்தது ஆற்றுப்படை, ஒருவர் இன்னொருவருக்கு வழி சொல்லி அனுப்புகிற பாட்டு. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து, ஆற்றுப்படைகள். அதில் 583 அடி மலைபடுகடாத்தில், பரிசு வாங்கி வருகிற கூத்தன் எதிரே வருகிற கூத்தர்களுக்கு நன்னன் என்ற மன்னனிடம் போக வழி சொல்கிறான்: விளைந்த புனத்தைப் பன்றி அழிக்காமலிருக்கக் கல்பொறி வைத்திருக்கிறார்கள், இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு கடந்து போங்கள். படிக்கிற நாமும் காலைப் பார்த்துத்தான் எடுத்து வைக்கிறோம். எதுவும் இன்னும் நடக்கவில்லை, இனிமேல்தான் நடக்கப் போகிறீர்கள், அதனால் ஏசுகிற தொனிக்கே அங்கே இடமில்லை.

நாவல் முழுக்க இப்படி எழுத எனக்குத் தைரியம் இல்லை, நாலைந்து பக்கத்துக்கு மேல் போனால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும் என்பது என் கணக்கு. உங்கள் கதையில் ஒரு பத்தியை எடுத்து 'நீ' எல்லாவற்றையும் அடித்துவிட்டுச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். யாரோ யாரிடமோ பேசுவது அப்போதும் காதில் விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேசாமல் 'அவன்' என்றே எழுதிவிடுங்கள்.