மண்ணைக் கடக்கம் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

எனக்குச் சொந்த ஊர் பாபநாசம் பக்கம். இப்போது கர்நாடகத்தில் சேடம் அருகே ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. அறையில் மூன்று பேர் இருக்கிறோம். பாமினி சுல்தான்கள் வரும்வரை இந்தப் பக்கம் வெறும் முள்காடு, நகரம் என்பதே அவர்கள் கொண்டுவந்ததுதான் என்கிறான் ஒருவன். அதற்கு முன் எல்லாம் பொன்னாக இருந்தது, சுல்தான்கள்தான் தரைமட்டமாக்கினார்கள் என்கிறான் இன்னொருவன். தினமும் சண்டை. எது சரி? கல்புர்கி என்பதே தமிழ்ப் பெயர்தானே, ‘கல்’ இருக்கிறதே? படிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள். மல்கேட்டில் ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த கோட்டை இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். நம்ம சரித்திரத்துக்கும் இந்த ஊர்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும், சும்மா ஆர்வத்தில் கேட்கிறேன். அடுத்த மாதம் அம்மா வருகிறார்கள். கூட்டிப்போய்க் காட்ட ஏதாவது இருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

‘நம்ம சரித்திரத்துக்கும் இந்த ஊர்களுக்கும் சம்பந்தம் இல்லை.’ போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். இந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பாபநாசத்துக்காரர் எழுதுகிற வரியா இது? தாராசுரத்தைத் தாண்டாமல் நீங்கள் கும்பகோணத்துக்குப் போயிருக்க முடியாது.

முதலில் பெயர் விவகாரத்தை முடித்துவிடலாம். கல் என்பது கன்னடத்திலும் கல்தான். ஊர்ப்பெயரைப் பிய்த்து உள்ளே தமிழ் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை விட்டுவிடுங்கள். அதில் நேரம் போவதைத் தவிர வேறெதுவும் கிடைக்காது.

முள்காடு என்று சொன்ன நண்பரிடம் மகாராஷ்டிரத்தின் பைதான், தேர் என்ற இரண்டு பழைய ஊர்களைச் சொல்லுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வணிகம் செய்த கிரேக்கர் ஒருவர் கடல்வழிக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். குஜராத்தின் பரூச் துறைமுகத்திலிருந்து தெற்கே இருபது நாள் நடந்தால் பைதான், அங்கிருந்து கிழக்கே பத்து நாள் போனால் தகரம் என்கிறது அது. சரியான பாதைகூட இல்லாத நாட்டின் வழியாக வண்டி வண்டியாகச் சரக்கு போகுமாம். பைதானிலிருந்து மணிக்கற்கள், தகரத்திலிருந்து துணி. அந்தத் தகரம்தான் இன்றைய தேர், தாராசிவ் மாவட்டத்தில் இருக்கிறது. கோரா கும்பார் என்ற குயவர் பக்தராகிப் பாடிய ஊரும் அதுதான். உங்களுக்கு இன்னும் பக்கத்தில் பீமா நதிக்கரையில் சன்னதி என்ற ஊர் இருக்கிறது. 1986இல் அங்கே காளி கோயிலின் கூரை சரிந்து விழுந்தபோது, அம்மன் நின்றிருந்த பீடக்கல்லே அசோகரின் கல்வெட்டு என்று தெரிந்தது. எழுத்தின் நடுவே துளை போட்டு அம்மனை நிறுத்தியிருந்தார்கள். யாரும் அசோகரை அவமதிக்க நினைக்கவில்லை. நல்ல பலகைக்கல் கிடைத்தது, பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் மல்கேட்டுக்கு வருகிறேன். கோட்டையை யார் கட்டினார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை, அந்த ஊர் எது என்பதுதான் முக்கியம். நீங்கள் பஸ் ஜன்னலில் பார்ப்பது மான்யகேடம். ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷன் தலைநகராக்கிய ஊர். இந்திரனின் நகரத்தையே ஏளனம் செய்யும்படி கட்டியதாக அவர்களின் செப்பேடு பீற்றிக்கொள்கிறது. அது அரசவைப் புலவரின் வேலை, விடுங்கள். ஆனால் அரபு வணிகர்களுக்குப் பீற்றிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. இந்த ஊரை அவர்கள் மன்கீர் என்றும் அதன் அரசனைப் பல்ஹரா என்றும் எழுதினார்கள். உலகின் நான்கு பெரிய அரசர்கள் என்று பாக்தாத் கலீபா, சீனப் பேரரசர், ரோமப் பேரரசர் ஆகியோரோடு அவனையும் சேர்த்தார்கள். காகிணா நதிக்கரையில், இன்று நீங்கள் சிமெண்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பூமியில் இருந்தவன் அவன்.

அந்த நகரம் 972இல் கொள்ளைபோனது. செய்தவர் சுல்தான் அல்ல. மாளவத்தின் பரமார அரசன் சீயகன், தாரா நகரத்துக்காரன். இது நமக்குத் தெரியவந்த வழி விசித்திரமானது. தனபாலர் என்ற கவிஞர் தன் தங்கை சுந்தரிக்காக ஒரு பிராகிருத அகராதி செய்தார். கடைசியில் அதை முடித்த ஆண்டைச் சொல்ல வேண்டுமே, விக்கிரம ஆண்டு 1029 (நம் கணக்கில் 972), மாளவ அரசனின் படையெடுப்பில் மான்யகேடம் சூறையாடப்பட்டபோது என்று எழுதிவைத்தார். வென்ற ஊரில் உட்கார்ந்து தங்கைக்குச் சொற்பொருள் எழுதிய அண்ணனுக்கு அது ஒரு தேதி.

தோற்ற ஊரில் புஷ்பதந்தர் இருந்தார். அலைந்து களைத்து வந்து ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் தங்கியவர். உள்ளே வாருங்கள் என்று அழைத்தவர்களிடம், கெட்டவர்கள் புருவம் நெரிப்பதைப் பார்ப்பதைவிட மலைக்குகையில் புல்லைத் தின்னலாம் என்று சொன்ன முன்கோபி. அப்படிப்பட்டவரை ஓர் அமைச்சர் வீட்டில் வைத்துக் காப்பியம் எழுதவைத்தது அந்த ஊர். அது எரிந்தபின் அவர் பெயரில் ஒரு சுலோகம் நிற்கிறது. ஏழைக்கும் அநாதைக்கும் செல்வமாக இருந்த ஊர், எப்போதும் ஜனம் நிறைந்த ஊர், கொடிகள் பூத்த தோட்டங்களின் ஊர், தாரா மன்னனின் கோபத்தீயில் எரிந்துவிட்டதே, இனி புஷ்பதந்தன் எங்கே குடியிருப்பான்? இதை நான் எப்போது படித்தாலும் கடைசிக் கேள்வியில் நின்றுவிடுவேன். அரசன் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீடு எங்கே என்றுதான் கேட்கிறார்.

இனி நம்ம சம்பந்தம். 949இல் தக்கோலத்தில் சோழர்களை அடித்து நொறுக்கிய மூன்றாம் கிருஷ்ணன் யார்? ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்’ என்று வடதமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் தமிழிலேயே பொறித்துவைத்தானே, அவன் இந்த மல்கேட்டுக்காரன். அப்புறம் நம் முறை வந்தது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி பள்ளிக்கூடத்தில் உங்களுக்கும் இருந்திருக்குமே: ‘சுள்ளிச் சூழ்மதிட் கொள்ளிப்பாக்கையும் நண்ணற் கருமுரண் மண்ணைக் கடக்கமும்.’ எதுகைக்காகவே மனப்பாடம் செய்தோம். மண்ணைக் கடக்கம் எது என்று ஒரு வாத்தியாராவது சொன்னாரா? மான்யகேடக் கடகம். உங்கள் பஸ் ரூட்டில் இருக்கிற ஊர், க. யாரும் நெருங்கமுடியாத வலிமையுடையது என்று நாமே பட்டம் கொடுத்துவிட்டு நாமே போய் அடித்த ஊர். புஷ்பதந்தர் அழுது நாற்பது ஐம்பது வருடம்கூட ஆகியிருக்காது.

இதோடு நிற்கவில்லை. ராஷ்டிரகூடர்களுக்குப் பின் வந்த சாளுக்கியர்கள் தலைநகரைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோனார்கள், இன்றைய பசவகல்யாண். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் ராஜாதிராஜன் அங்கேயும் போனான். ஊரை அழித்து, விஜயராஜேந்திரன் என்று பட்டம் சூடி, வாசலில் நின்ற துவாரபாலகரைத் தூக்கிவந்தான். வெகுகாலம் தாராசுரத்தில் இருந்த சிலை அது, பிறகு தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனது. பீடத்தில் தமிழில் எழுதியிருக்கிறது: ‘கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்.’

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பெரியப்பா அந்தச் சிலைமுன் என்னை நிறுத்தினார். நம்மூர்ச் சிலைகளின் சாயல் இல்லாத கரிய உருவம். பெரியப்பா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார், குரலில் அவரே யானைமேல் வந்த மாதிரி ஒரு மிதப்பு. நான் ‘எறிந்து’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். “ஊரை எப்படிப் பெரியப்பா எறிவாங்க? பந்தா?” எறிதல் என்றால் அழித்தல் என்றார். “அங்க இருந்தவங்கல்லாம்?” நறுக்கென்று ஒரு குட்டு. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்து கடலை வாங்கிக்கொடுத்தார், அது வேறு விஷயம். நல்ல மனிதர். ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை.

நாம் எறிந்தால் மெய்க்கீர்த்தி, அடுத்தவன் எறிந்தால் அக்கிரமம். இந்தக் கணக்கு எனக்கு அந்தக் குட்டிலிருந்தே ஒட்டவில்லை. சுல்தான்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1296இல் அலாவுதீன் கில்ஜி தேவகிரியிலிருந்து அள்ளிக்கொண்டு போனதும் கொள்ளைதான். ஆனால் ‘அதற்கு முன்’ என்று ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள் என்று உங்கள் நண்பர் நினைத்தால், அவர் தன் ஊரையே அவமதிக்கிறார். கோடும் அவ்வளவு சுத்தமாக இல்லை. தேவகிரிக்கு முந்நூற்றெழுபது வருடம் முன்னால், 926இல் எழுதிய செப்பேடு ஒன்று மகாராஷ்டிரக் கரையோரம் சிஞ்சணியில் கிடைத்தது. சஞ்சான் துறைமுகப் பகுதியை ராஷ்டிரகூடர்களுக்காக ஆண்டவர் ஒரு தாஜிகர், அதாவது அரபு முஸ்லிம். முகமது என்ற பெயரைச் செப்பேடு மதுமதி என்று சமஸ்கிருதமாக்கிவிட்டது. அவர் காலத்தில் பகவதிக்கு ஒரு மடம், அதற்கு நிலதானம். இன்று யாராவது கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

கல்யாணம் செத்ததா என்றால், இல்லை. எறியப்பட்ட சில பத்தாண்டுகளில் ஆறாம் விக்கிரமாதித்தன் அங்கே ஐம்பது வருடம் ஆண்டான். அங்கே உட்கார்ந்து மிதாட்சரம் எழுதிய விஞ்ஞானேசுவரர், கல்யாணத்தைப் போல ஒரு நகரம் இருந்ததில்லை, இல்லை, இருக்கப்போவதும் இல்லை என்று முடிக்கிறார். இந்துக் குடும்பச் சொத்து வழக்குகளில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து புரட்டப்படுகிற அதே சட்ட உரைதான். பிறகு அதே தெருக்களில் லிங்காயத்துகளின் பசவண்ணர் நடந்தார். மல்கேடுதான் எழுந்திருக்கவில்லை. அரசன் வேறு ஊருக்குப் போனான், அவன் பின்னால் வியாபாரியும் பொற்கொல்லனும் போனார்கள். 1347இல் பாமினிகள் கல்புர்கியில் உட்கார்ந்தபோது மான்யகேடம் தலைநகராக இல்லாமல் போய் முந்நூறு வருடம் ஆகியிருந்தது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், இல்லையா? மறந்தே போய்விட்டேன். இன்னொரு கடிதத்தில் பார்க்கலாம்.

அம்மாவை மல்கேட்டுக்கே கூட்டிப்போங்கள். பழைய சமணக் கோயில் இருக்கிறது, தங்கள் குரு ஜெயதீர்த்தரின் பிருந்தாவனம், அதாவது சமாதி என்று மாத்வர்கள் தேடிவரும் இடமும் அங்கேதான். கோட்டைக்குள் ஏறப்போகிறீர்கள் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். அந்தக் கல் பத்து மணிக்கெல்லாம் சுட ஆரம்பித்துவிடும்.