கேள்வி – பதில்: மூடும் வேளையில் கசியும் நினைவகம்

கேள்வி: சி மொழியில் எழுதிய என் சர்வர் நிரலுக்குள் பைத்தான் நிரல்களை இயக்கும் இன்டர்பிரெட்டரை வைத்திருக்கிறேன். வேலை வரும்போது தொடங்கி, முடிந்ததும் மூடுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் நினைவகப் பயன்பாடு கூடுகிறது. எப்படியும் இயங்குதளம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்கிறார் நண்பர். சரிசெய்யத்தான் வேண்டுமா?

பதில்: ஒருமுறை ஓடி முடியும் நிரலுக்கு நண்பர் சொல்வது பொருந்தும். ரூபி என்ற நிரல்மொழியின் 3.3 பதிப்பில், கேட்டால் மட்டும் மூடும்போது அனைத்தையும் விடுவிக்கும்படி ஒரு சூழல் மாறியையே (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பையே) தந்தார்கள். அப்படிக் கேட்காதவர்களுடைய நிரல் வீண் வேலையின்றி வெளியேறும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் உங்கள் நிரல் முடிவதில்லை. அதற்குள் இருக்கும் இன்டர்பிரெட்டர் மட்டுமே முடிகிறது. மூடும்போது எல்லா நினைவகத்தையும் விடுவிப்பதாகப் பைத்தானின் ஆவணமும் உறுதி தருவதில்லை.

முதலில் பைத்தானோடு சேர்க்கச் சி-யில் எழுதிய மாட்யூல்களை, அதாவது நிரல் தொகுதிகளைப் பாருங்கள். ஒரு மாட்யூல் தனக்கான பிழை வகையை ஸ்டேடிக் சுட்டி (சர்வர் நிரல் ஓடும் வரை நிலைத்து, ஒரு பொருளின் முகவரியை வைத்திருக்கும் மாறி) ஒன்றில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். முதல் சுற்று முடிந்த பிறகும் அந்தச் சுட்டி பொருளைப் பிடித்தபடியே நிற்பதால், நினைவகக் கசிவைக் கண்டறியும் வால்கிரைண்ட் கருவி அதை ‘இன்னும் எட்டக்கூடியது’ என்று மட்டுமே குறிக்கும். இரண்டாம் சுற்றில் அதே சுட்டியில் புதிய முகவரி எழுதப்படும்போது பழைய பொருளுக்குப் போகும் வழியே அற்றுப்போய், அது ‘உறுதியாகத் தொலைந்தது’ ஆகிறது.

ஆகவே அத்தகைய சுட்டிகளை மாட்யூலின் நிலைக்குள் (மாட்யூல் தன் தரவை வைக்கும் தனி இடத்துக்குள்) கொண்டுபோய், மாட்யூல் அழியும்போது அவற்றை விடுவிக்கும் செயற்கூற்றையும் எழுதுங்கள்; மாட்யூலை உருவாக்குவதையும் இயக்குவதையும் தனித்தனிக் கட்டங்களாகச் செய்யும், பைத்தான் 3.5 பதிப்பில் வந்த பலகட்டத் தொடக்க முறை இதற்கு ஏற்றது. நிரலிலேயே நிலையாக எழுதிவைத்த ஸ்டேடிக் வகைகளை, ஓடும்போது உருவாகும் ஹீப் வகைகளாக மாற்றும்போது மட்டும் கவனம் தேவை. பைத்தான் 3.8 முதல் ஹீப் வகையைச் சேர்ந்த ஒவ்வொரு பொருளும் தன் வகையின் மேற்கோள் எண்ணிக்கையை (அதை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற கணக்கை) ஒன்று கூட்டிவைத்திருக்கிறது. பொருளை விடுவிக்கும் இடத்தில் அதைக் குறைக்க மறந்தால் அந்த வகை அழியவே அழியாது. வகையின் சுட்டியை முதலில் தனியே எடுத்துவைத்து, பொருளை விடுவித்த பின்னரே எண்ணிக்கையைக் குறையுங்கள். வரிசை மாறினால் கசிவுக்குப் பதில் நிரலே விழக்கூடும்.

சோதிக்கும்போது பைத்தான்மல்லாக் சூழல் மாறிக்கு ‘மல்லாக்’ என்று மதிப்புக் கொடுங்கள். இல்லையெனில் 512 பைட்டுக்கு மேற்படாத பொருள்கள் பைத்தான் மொத்தமாக வாங்கிவைக்கும் பெருந்துண்டுகளுக்குள் மறைந்துகொள்ள, வால்கிரைண்டால் அவற்றைத் தனித்தனியே காண முடியாது.

கசிவது பிறர் எழுதிய மாட்யூல் என்றால், இன்டர்பிரெட்டரை ஒரே முறை தொடங்கி, சர்வர் நிற்கும் வரை மூடாமல் வைத்திருப்பதே நல்லது.