அணு ஆயுதம் இருப்பதால்தான் பெரும் போர் வராமல் இருக்கிறதா? எல்லா நாடுகளும் சேர்ந்து ஒழித்துவிட முடியாதா?

முதல் கேள்விக்கு என் பதில்: பாதி சரி. திட்டமிட்டுத் தொடங்கும் பெரும் போரைத் தடுப்பதில் அணு ஆயுத பயத்துக்குப் பங்கு உண்டு. தவறுதலாகத் தொடங்கும் போரை அந்த பயம் தடுக்காது. என் கவலை முழுக்க இந்த இரண்டாவதில்தான்.

அண்ணா நகரில் போட்டித் தேர்வு மாணவர்களுக்குச் சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கிறேன். இந்தத் தலைப்பு வந்தாலே வகுப்பு இரண்டாகிவிடும். "உக்ரைனைப் பாருங்க சார்" என்று ஒரு குரல் வரும். தன் மண்ணில் இருந்த சோவியத் அணு ஆயுதங்களை எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் தந்த 1994 புடாபெஸ்ட் உறுதிமொழியை நம்பி உக்ரைன் ரஷ்யாவிடம் கொடுத்தது; 2014இல் கிரீமியாவைப் பறிகொடுத்தது, 2022இல் முழுப் படையெடுப்பு. வலுவான வாதம்தான். ஆனால் அந்த ஆயுதங்களை இயக்கும் கட்டுப்பாடு உக்ரைன் தலைநகர் கீவிடம் இல்லை, மாஸ்கோவிடம் இருந்தது என்பதைச் சொன்னால் குரல் கொஞ்சம் இறங்கும். எதிர்த்தரப்பு ஹிரோஷிமா, நாகசாகி என்று ஆரம்பிக்கும். கைத்தட்டல் ஒழிப்புக்கு, ஓட்டு ஆயுதத்துக்கு. எல்லா பேட்சிலும் இதே கதை.

நம் பகுதியின் அனுபவம் இரு தரப்புக்கும் முழுசாகப் பொருந்தாது. 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்துச் சோதனை நடத்தின. இனி போரே வராது என்றார்கள். அடுத்த ஆண்டே கார்கில். ஆனால் அந்தப் போரில் நம் விமானப்படைக்கு எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. போர் வந்தது, பெரிதாகவில்லை. அணு ஆயுதம் செய்தது அவ்வளவுதான்.

இப்போது தவறுகளுக்கு வருவோம். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைத்ததால் வந்த 1962 நெருக்கடியில், அமெரிக்கக் கப்பல்கள் விரட்டிய ஒரு சோவியத் நீர்மூழ்கியில் அணு டார்பிடோவை ஏவும் பேச்சு வந்தது. வசிலி அர்கிபோவ் என்ற அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. 1983 செப்டம்பரில் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத் எச்சரிக்கைக் கருவிகள் காட்டின. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று முடிவெடுத்தார். மேகங்களில் பட்ட சூரிய ஒளியை செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் பழைய கதை என்பீர்கள். 2022 மார்ச் 9 அன்று நம் பக்கத்திலிருந்து தவறுதலாகக் கிளம்பிய ஓர் ஏவுகணை பாகிஸ்தானின் மியான் சன்னு பகுதியில் போய் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. டெல்லி பகிரங்கமாக வாய் திறந்தது மார்ச் 11இல். மூன்று விமானப்படை அதிகாரிகள் பின்னர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு பதற்றமான வாரத்தில் இது நடந்திருந்தால்? மாஸ்கோவிலிருந்து வாஷிங்டனுக்கு ஏவுகணை போக அரை மணி நேரம் ஆகும். நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில் சில நிமிடங்கள். பெட்ரோவ் யோசித்த அளவுக்குக்கூட இங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

அதனால்தான் ஆயுதக் குவிப்பை ஆதரிக்க முடியவில்லை. நூறு இருந்தாலே எதிரிக்கு பயம் வரும். ஐநூறு ஆனால் பயம் ஐந்து மடங்கு ஆகாது, கையாளும் கைகளும் பழுதாகும் கருவிகளும்தான் கூடும்.

சரி, முழுவதும் ஒழிக்க முடியுமா? ராஜீவ் காந்தி 1988இல் ஐ.நா.வில் 2010க்குள் ஒழிக்க ஒரு திட்டமே வைத்தார். பத்து ஆண்டில் பொக்ரானில் குண்டு வெடித்தோம். 2017இல் உருவான தடை ஒப்பந்தத்தில் அணு ஆயுத நாடு ஒன்றுகூடக் கையெழுத்துப் போடவில்லை, நாம் உட்பட. எனவே என் ஆயுளில் நடக்காது. குறைக்க முடியும் என்பதற்கு மட்டும் சான்று இருக்கிறது: 1986 வாக்கில் உலகில் சுமார் 70,000 இருந்தன, இன்று 12,000 சொச்சம். ஆனால் அமெரிக்க, ரஷ்ய எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய கடைசி ஒப்பந்தமும் 2026 பிப்ரவரியோடு காலாவதி, சீனா வேகமாகப் பெருக்குகிறது.

நடைமுறையில் எனக்கு நம்பிக்கை தருவது யாரும் பேசாத ஓர் ஏற்பாடு. அணு நிலையங்களை ஒருவர் மற்றவருடையதைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பரில் கையெழுத்திட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கிலுக்குப் பிறகும், புல்வாமாவுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஈசிஆரில் 70 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம் வந்துவிடும் என்பதால் சென்னைக்காரர்களுக்கு இது ஏட்டுச் சங்கதி இல்லை. 2025 மே மாதம் அங்கேயும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது நினைவிருக்கும்.

இதே மாதிரி 2005இல், பாலிஸ்டிக் (மேலே எறியப்பட்டு வளைந்து விழும்) ஏவுகணைச் சோதனைக்கு முன்பே தகவல் சொல்வது என்றும் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. விமானம் போலத் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணை அதில் இல்லை. மியான் சன்னுவில் விழுந்தது குரூஸ் ரகம். அதையும் சேர்த்து, தவறுதலாக ஏதாவது கிளம்பினால் அந்த நிமிடமே ஹாட்லைனில் சொல்லியாக வேண்டும் என்று எழுதிக்கொள்ள யாரும் ஓர் ஆயுதத்தைக்கூடக் கைவிட வேண்டியதில்லை.