பொது ஹைப்பர்சைக்ளிக் திசையன்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஹைப்பர்சைக்ளிக் செயலி என்பது என்ன? அணிகளில் இப்பண்பு ஏன் வருவதில்லை?

பதில்: ஒரு திசையன்மீது செயலியை (திசையன்களைத் திசையன்களாக மாற்றும் நேரியல் விதியை) திரும்பத் திரும்பச் செலுத்தினால் கிடைக்கும் புள்ளிகள் வெளி முழுவதும் அடர்ந்து பரவுமானால், அதாவது எந்தப் புள்ளிக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் அருகில் வருமானால், அந்தச் செயலி, திசையன் இரண்டுமே ஹைப்பர்சைக்ளிக் எனப்படும். அணியின் நிரை நிரல் மாற்று அணிக்குக் கலப்பெண்களில் ஐகன் திசையன் (அணி வெறும் ஓர் எண்ணால் மட்டுமே பெருக்கும் திசையன்) கட்டாயம் உண்டு. அதன் வழியே பார்த்தால் அந்தப் புள்ளிகள் வெறும் பெருக்குத் தொடராகிவிடும், பெருக்குத் தொடரோ கலப்பெண் தளத்தில் அடர்வதேயில்லை. முடிவிலிப் பரிமாணத்தில் இத்தடை இல்லை. நமக்கு இங்கே உதவும் எடுத்துக்காட்டை 1969இல் கணிதவியலாளர் ரோலெவிச் தந்தார்: தொடர்முறையின் முதல் உறுப்பை நீக்கி மற்றவற்றை ஓரிடம் முன்னே நகர்த்தி, 1ஐ விடப் பெரிய எண்ணால் பெருக்கும் செயலி.

கேள்வி: செயலிகளின் ஒரு குடும்பத்தில் ஒவ்வொன்றும் ஹைப்பர்சைக்ளிக் என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான திசையன் தானாகக் கிடைக்காதா?

பதில்: குடும்பம் எண்ணத்தக்கதாக, அதாவது 1, 2, 3 என வரிசைப்படுத்தக்கூடியதாக இருந்தால், பேர் தேற்றத்தின்படி (எண்ணத்தக்க அடர்ந்த திறந்த கணங்களின் வெட்டும் அடர்ந்ததே என்பது அது) கிடைக்கும். எண்ணவியலாத குடும்பத்தில் அத்தேற்றம் கைகொடுக்காது. ஆயினும் ரோலெவிச்சின் செயலிகளுக்கு, பெருக்கும் எண் 1ஐ விடப் பெரிதாக எதுவாயினும், ஒரே திசையன் போதும் என்று அபகுமோவும் கார்டனும் 2003இல் நிறுவினர்.

கேள்வி: அப்படியானால் அ, ஆ என்ற இரு எண்களை எடுத்து, இரு தொடர்முறைகளைச் சோடியாக வைத்து, ஒன்றை அ ஆலும் மற்றதை ஆ ஆலும் பெருக்கியபடி ஒருங்கே நகர்த்தினால்?

பதில்: அங்கே பொதுத் திசையன் கிடையாது, காரணம் பரப்பளவு, எனக்கு மிகவும் பிடித்த வாதமும் இதுவே. ந தடவை நகர்த்தியபின் இரு முதல் உறுப்புகளும் 1க்கு அருகில் வர வேண்டும் என்று கேட்போம். அவ்வாறு வந்தால் அ, ஆ இரண்டின் மடக்கைகளும் ஒரு மாறிலியை ந ஆல் வகுத்த அளவுள்ள இடைவெளிகளுக்குள் அடங்கும். ஆகவே அந்த ந ஈடுகொடுக்கும் எண்சோடிகள் ந வர்க்கத்தின் தலைகீழுக்கு ஒத்த பரப்பையே நிரப்பும். ஒவ்வொரு சோடிக்கும் இந்த வருகை முடிவில்லாத தடவை நிகழ வேண்டியிருப்பதால், எவ்வளவு பெரிய ந இலிருந்து தொடங்கினாலும் இப்பரப்புகள் எண்சோடிகளின் ஒரு முழுச் சதுரத்தையும் மூட வேண்டும். ஆனால் தலைகீழ் வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஒருங்குவதால் அவற்றின் வால்பகுதி பூச்சியத்தை நோக்கிச் சுருங்குகிறது. ஒற்றை எண்ணுக்கு நீளங்கள் ந இன் தலைகீழாகவே குறைகின்றன, அத்தொடர் விரிவதால் முரண்பாடு எழுவதில்லை.

கேள்வி: ஒரு செயலிக்குப் பதிலாகப் பலவற்றை மாற்றி மாற்றிச் செலுத்தினால் முடிவுறு பரிமாணத்திலும் அடர்த்தி கிட்டுமா?

பதில்: கிட்டும். மெய்யெண் கோட்டில் 1இலிருந்து தொடங்கி, 2ஆலும் −1/3ஆலும் விரும்பிய தடவைகள் பெருக்கிக்கொண்டே போகலாம். 2, 3 ஆகியவற்றின் மடக்கைகளின் விகிதம் விகிதமுறா எண் என்பதால், கிடைக்கும் எண்கள் கோடு முழுவதும் அடர்கின்றன. குறி மாற்றத்தை −1/3இன் ஒற்றைப்படை அடுக்குகள் பார்த்துக்கொள்கின்றன.