‘மியூசியம் குவாலிட்டி’ன்னு போட்டிருந்தா நம்பி வாங்கலாமா?

கேள்வி: கும்பகோணத்துல புதுசா வீடு கட்டி ஆவணில குடி வந்தோம். ஹால்ல மாட்ட ஸ்பெயின் ஓவியர் டாப்பியஸோட அப்ஸ்ட்ராக்ட் ப்ரிண்ட் ஒண்ணு ஆன்லைன்ல பாத்தேன், ஃப்ரேமோட 18,000 ரூபா, ‘மியூசியம் குவாலிட்டி’ன்னு போட்டிருக்கு. வாங்கலாமா?

பதில்: அந்த வார்த்தைய யாரு வேணா போட்டுக்கலாங்க, ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி அதுக்கு ஒண்ணும் கிடையாது. விக்கிறவங்கள்ட்ட இங்க் பிக்மெண்ட்டா (சீக்கிரம் மங்காத பொடி மை) டையா (சீக்கிரம் மங்குற சாய மை), பேப்பர் ஆசிட் இல்லாத காட்டன் பேப்பரா, எத்தன ஜிஎஸ்எம்னு (பேப்பரோட கனத்தச் சொல்ற கணக்கு) கேளுங்க. பிக்மெண்ட், காட்டன், 300 ஜிஎஸ்எம் பக்கம்னா சரி. மழுப்புனா அது வெறும் போஸ்டர், நீங்க குடுக்குற காசு ஃப்ரேமுக்குத்தான்.

ஆனா எனக்கு இடிக்கிறது படமே தான். டாப்பியஸ் மார்பிள் தூளு, மணலெல்லாம் கலந்து கனமா பூசி அதுல கீறி வெச்சவரு, நேர்ல பாத்தா பழைய வீட்டுச் சுவரு மாதிரி இருக்கும், ப்ரிண்ட்ல அந்த மேடு பள்ளம் மொத்தமும் போயி தட்டையா ஒரு பழுப்புக் கறைதான் மிஞ்சும். இன்னொரு ஸ்பெயின் ஓவியர் மில்லாரெஸும் அப்படித்தான், அவருது சாக்குத்துணி. ப்ரிண்ட்டுக்குத் தோதானது மிரோ, ஸோபெல் மாதிரி ஓவியருங்க. ஸோபெல் மணிலால பொறந்தவரு, ஸ்பெயின்ல குவென்காங்குற ஊர்ல பாறை விளிம்புல தொங்குற வீட்டுல 1966ல அப்ஸ்ட்ராக்ட் ஓவியத்துக்குன்னே மியூசியம் தொறந்தாரு, ஊசி போடுற சிரிஞ்சுல பெயிண்ட ஏத்தி கோடு இழுப்பாரு, நல்ல ப்ரிண்ட்ல அந்தக் கோடு பிசிறில்லாம நிக்கும். மிரோ செத்தது 1983ல, நம்ம சட்டப்படி 2043 வரைக்கும் காப்பிரைட் இருக்கு, அதனால லைசென்ஸ் உள்ள ப்ரிண்ட்டான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

ஃப்ரேமோட வாங்காதீங்க, சுருட்டி குழாய்ல அனுப்பச் சொல்லி இங்கயே ஃப்ரேம் போடுங்க. தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஃப்ரேம் போடுற கடைக்காரங்க தேக்குச் சட்டத்துல கெட்டிக்காரங்க, ஆனா பேப்பர் வேற சமாச்சாரம், கூடவே நின்னு சொல்லணும். கண்ணாடி பேப்பர்ல பட்டுக்கிட்டு இருந்தா ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு ரெண்டும் ஒட்டிக்கும், பிரிச்சா மை உரிஞ்சு வந்துரும். அதனால நடுவுல ஆசிட் இல்லாத மவுண்ட் அட்டை (படத்தச் சுத்தி சட்டம் மாதிரி வெட்டுன அட்டை) வெச்சு இடைவெளி விடணும், பின்னாடி ஹார்ட்போர்டு நேரா படத்துல படாம இன்னொரு ஆசிட் இல்லாத அட்டை. செல்லோடேப், ஃபெவிகால் எதுவும் கிட்டயே வரக்கூடாது, மேல் ஓரத்துல மட்டும் ரெண்டு இடத்துல காகிதப் பட்டை ஒட்டி படத்த தொங்க விடணும். பின்பக்கத்த பேப்பர் டேப்பால மூடிட்டா ராமபாணப் பூச்சி சுலபமா நுழையாது. வெயில் விழுற இடம்னா கண்ணாடிக்கு பதிலா வெயில்ல படம் மங்காம தடுக்குற யூவி அக்ரிலிக் ஷீட் போடுங்க, வெல கூடதான்.

அப்புறம் சுவரு. ஆவணில குடி வந்தீங்கன்னா பூச்சுக்குள்ள ஈரம் இன்னும் முழுசா போயிருக்காது, சாரல் அடிக்கிற வெளிச்சுவர் வேணவே வேணாம், உள்சுவர்ல மாட்டி ஃப்ரேமோட கீழ் மூலை ரெண்டுலயும் கார்க் துண்டு ஒட்டுங்க, பின்னாடி காத்து போகும். தை கழிச்சு ஆர்டர் போட்டா போதும், இப்பவே வாங்கி குழாய்லயே போட்டு வெச்சா பேப்பர்ல சுருள் விழுந்துரும்.