மச்சினனின் கால் விரலும் உங்கள் வரிப்பணமும்

கேள்வி: மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கோவை. இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். செலவை மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். பார்த்துக்கொண்டது. அதிலிருந்து தினமும் நடக்கிறேன், எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடுவதில்லை. என் மனைவியின் தம்பி சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். சுகர் இருந்தும் குடியை விடவில்லை. போன மாதம் ஜி.எச்.சில் கால் விரலை எடுத்துவிட்டார்கள், எல்லாம் இலவசம். “உடம்பைக் கெடுத்துக்கொண்டவன் சொந்தக் காசில் வைத்தியம் பார்க்கட்டும், என் வரிப்பணம் எதற்கு?” என்று கேட்டுவிட்டேன். மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் கேட்டது தப்பா?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் ஆற்றாமை புரிகிறது. ஆனாலும் தப்பு என்றுதான் சொல்வேன்.

முதலில் வரி. உங்கள் மச்சினர் வருமான வரி கட்டியிருக்க மாட்டார். ஆனால் வண்டிக்கு டீசல், டயர், பிள்ளைகளுக்கு பிஸ்கட் என்று வாங்கும் எல்லாவற்றிலும் வரி கட்டுகிறார். குடித்ததற்கும்தான். 2024-25இல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதே ஆண்டு பட்ஜெட்டில் சுகாதாரத் துறைக்கு ஒதுக்கியது 20,198 கோடி. கடையைத் திறந்து வைத்து விற்றுக் காசு வாங்கிய அரசு, விரல் போன பிறகு “உன் தப்பு” என்று கைவிரித்தால் அது என்ன நியாயம்?

உங்கள் ஸ்டென்ட்டையும் யோசித்துப் பாருங்கள். பென்ஷன்தாரர் சி.ஜி.எச்.எஸ்.சுக்குக் கட்டுவது, வாங்கிய சம்பளத்தைப் பொறுத்து, மாதம் 250 முதல் 1,000 ரூபாய் வரை. மிச்சமெல்லாம் பொதுப்பணம். இத்தனை வருடம் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் சரி. அதே மரியாதை அவருக்கும் உண்டு.

அப்படியானால் உடம்பைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு இல்லையா? அவர் பொறுப்புதான். ஆனால் சுகர் எப்படிக் காலை எடுக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவீர்கள். பல வருடச் சுகர் பாதத்தின் நரம்பை மரத்துப்போக வைக்கும். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்து போகிறவர்கள் உண்டு. முள் குத்தினாலும் வலிக்காது. வலிக்காததால் பார்க்க மாட்டார்கள். புண் சீழ் பிடித்து, நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் யாராவது கவனிப்பார்கள். ஆஸ்பத்திரியில் சுகர் மாத்திரை இலவசம்தான், ஆனால் காலையில் வரிசையில் நின்றால் அன்றைய வண்டி வருமானம் போயிற்று. வீட்டுக்கே மாத்திரை கொண்டு வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது இந்தச் சிக்கலுக்காகத்தான். காசு கணக்கு பார்த்தாலும் ஆபரேஷனைவிட அந்த மாத்திரைதான் மலிவு. பணம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் யாரும் திருந்த மாட்டார்கள். புண் முற்றிய பிறகு கடைசியில் வருவார்கள், அப்போது விரலோடு போகாது.

இப்போது செய்ய வேண்டியது. புண்ணுக்குக் கட்டு மாற்ற அவர் போகும்போது ஒரு தடவை கூடப் போங்கள். மூன்று மாதச் சராசரி சுகர் எவ்வளவு, அடுத்து எப்போது வர வேண்டும் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். பாதத்துக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டுமா என்றும் கேட்டு வையுங்கள். தினமும் ராத்திரி உள்ளங்காலை யாராவது வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட.

குடி விஷயத்தில் அவசரம் வேண்டாம். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சுகர் ஒரேயடியாக இறங்கிவிடலாம், இதையும் அவரிடம் சொல்லுங்கள். மனநலப் பிரிவு டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்துவதுதான் வழி. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு போன் செய்யுங்கள், குடிமறுவாழ்வுக்கென்றே 14446 என்ற எண்ணும் இருக்கிறது.

மனைவியிடம் பெரிதாக விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம் ஐயா. “தம்பிக்கு அடுத்த கட்டு என்னைக்கு? நானும் போறேன்” என்று கேளுங்கள். கேட்டபடி போயும் வாருங்கள்.