சக்தி அதிகமுள்ள எஞ்சினுக்கு வேகம் ஏன் குறைவு?

கேள்வி: பயணிகள் ரயிலை இழுக்கும் டபிள்யு.ஏ.பி.-7 மின்சார எஞ்சினுக்கு 6,000 குதிரைசக்திக்கு மேல் இருந்தும் வேகம் 140 கி.மீ. தான். அதைவிடச் சக்தி குறைவாக வடிவமைக்கப்பட்ட டபிள்யு.ஏ.பி.-5 மட்டும் எப்படி 160 கி.மீ. போகிறது?

பதில்: சக்தியைவிட, மோட்டாரை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். டபிள்யு.ஏ.பி.-7-இல் மோட்டாரின் எடையில் ஒரு பங்கு நேராக அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நடுவே ஸ்பிரிங் கிடையாது. அதனால் தண்டவாளத்தில் சின்ன மேடுபள்ளம் வந்தாலும் அந்த எடை சம்மட்டிபோல அடிக்கும். வேகம் கூடக்கூட அடியும் பலமாகும். 1995-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த டபிள்யு.ஏ.பி.-5-இல் மோட்டார் முழுவதும் போகி சட்டத்தில், அதாவது சக்கரங்களுக்கு மேலே ஸ்பிரிங் தாங்கும் சட்டத்தில், தொங்குகிறது. அப்புறம், மொத்த எடையும் 78 டன்தான். மற்றது 123 டன்.

அதற்காக டபிள்யு.ஏ.பி.-7-ஐ மட்டமாக நினைக்க வேண்டாம். அது டபிள்யு.ஏ.ஜி.-9 சரக்கு எஞ்சினின் பல்சக்கர விகிதத்தை மாற்றி உருவாக்கியது. 24 பெட்டி ரயிலை நின்ற இடத்திலிருந்து வழுக்காமல் கிளப்ப அந்த எடையும் ஆறு அச்சும் தேவை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று கிளம்பும் ரயிலுக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தயாராகும் வந்தே பாரத்தில் தனி எஞ்சினே இல்லை. 16 பெட்டி ரயிலில் 8 பெட்டிகளுக்கு அடியில் மோட்டார்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சென்ட்ரலில் எது எது என்று பார்க்க, எஞ்சினின் ஒரு பக்கச் சக்கரங்களை எண்ணுங்கள். ஆறு என்றால் 7, நான்கு என்றால் 5.